ஆஸ்பத்திரிக் கழிவுநீரில் மருந்து எச்சத்தைப் புற ஊதா ஒளியால் அழிப்பது: மட்டக்களப்பு, அம்பாறையில் முதல்முறை செய்யப்போகிறவர்களுக்கு

கடைசி ஆண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுத்தபோது என் கையில் எட்டு மாதம் இருந்தது. அதில் ஐந்து மாதம் சரியான விளக்கு ஒரு நிமிடம்கூட எரியாமலே போய்விட்டது. கடிதம் வேறு அலுவலகத்துக்குப் போனது, மருந்துத் தூள் வந்து சேரவில்லை, முதலில் வாங்கிய விளக்கின் அலைநீளம் தவறு. எல்லாம் கைக்கு வந்த பிறகும் கரைப்பானில் விட்ட ஒரு பிழையால் மூன்று வாரத் தரவை அப்படியே ஒதுக்கிவைக்க வேண்டியதாகிவிட்டது. வந்தாறுமூலை வளாகத்திலோ சம்மாந்துறை வளாகத்திலோ இருந்துகொண்டு இதே வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்கு அந்த ஐந்து மாதம் மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த வேலை ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது கிணற்றைத்தான். கடலுக்கும் வாவிக்கும் நடுவே நாம் குடியிருக்கும் மணல் நிலத்தில் கயிற்றைச் சில முழம் விட்டாலே தண்ணீர் வந்துவிடும். அதே வளவுக்குள் மலசலகூடக் குழியும் இருக்கிறது. நாம் விழுங்கும் மருந்தில் ஒரு பங்கு உருமாறாமல் சிறுநீரோடு வெளியே போகிறது, நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்போமினில் பெரும்பங்கே அப்படித்தான் போகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பைத் தாண்டி ஏறக்குறைய அப்படியே வெளியே வந்துவிடும். மணல் இதையெல்லாம் பிடித்து வைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

இங்கே சொல்வது ஆய்வுகூட அளவு, அதாவது ஒரு லீற்றரிலிருந்து ஐந்து லீற்றர் வரை. பள்ளியில் கழியூதாக் கதிர் என்று படித்ததும் இதே புற ஊதாதான். தண்ணீரில் கொஞ்சம் ஐதரசன் பரவொட்சைட்டைச் சேர்த்து இந்த ஒளியை விடுவதுதான் முறை.

1. விளக்கு வாங்குவதற்கு முன் தண்ணீரை அளந்துவிடுங்கள்

எல்லோரும் விளக்கிலிருந்து தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் உங்கள் ஆய்வு சரிவருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர். ஆஸ்பத்திரி அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், விடுதிக் கழிவுநீரில் ஒரு போத்தல் எடுத்து நிறமாலைமானியில் 254 நனோமீற்றரில் அகத்துறிஞ்சலை, அதாவது தண்ணீர் ஒளியை எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பதைப் பாருங்கள். வடிகட்டாமல் ஒருமுறை, வடிகட்டி ஒருமுறை. ஒரு பின்னேரம் போதும், செலவும் இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு சென்ரிமீற்றர் குவார்ட்சுக் குவளைதான் பாவிக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் 254ஐ உள்ளே விடாது, அதில் வைத்துப் பார்த்தால் வெறும் குடிநீர்கூடக் கறுப்புத் தண்ணீர் போல எண் காட்டும். ஆய்வுகூட உத்தியோகத்தரிடம் கேட்டால் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் சோடியை எடுத்துத் தருவார். உடைத்தால் விலை கூட, மேசை ஓரத்தில் வைக்காதீர்கள்.

எண் 0.1 வந்தால் ஒரு சென்ரிமீற்றரில் 79 சதவீத ஒளி கடந்து போகிறது. 0.3 என்றால் பாதி. 0.5 என்றால் 32 சதவீதம். பாதி போகிறதே, பரவாயில்லை என்று தோன்றும். ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், அடியில் நூற்றுக்கு மூன்றுதான் மிஞ்சும், அடித் தண்ணீர் இருட்டில் கிடக்கிறது என்று அர்த்தம். எண் 0.5ஐத் தாண்டினால் முதலில் அடையவிட்டு வடிகட்டுங்கள். வடிகட்டக் கரி பாவிக்க வேண்டாம், கரி மருந்தையும் பிடித்துவிடும், பிறகு எது குறைத்தது ஒளியா கரியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதே பின்னேரம் பிஎச், நைத்திரேற்று, இருகாபனேற்று மூன்றையும் அளந்து கொப்பியில் எழுதிவிடுங்கள். இருகாபனேற்றுக்கு அமில நியமிப்பே போதும். இருகாபனேற்று ஏன் வேண்டும் என்பது ஐந்தாம் படியில் தெரியும். தண்ணீர் செம்மஞ்சளாக இருந்தால் இரும்பையும் பாருங்கள், அது ஒளியையும் குடிக்கும், விளக்கின் உறையிலும் படியும்.

2. எந்த மருந்து என்று முடிவெடுங்கள்

புதியவர்களுக்கு என் பரிந்துரை வலிக்குக் கொடுக்கும் டைக்ளோபெனாக், கார்பமசெபின் இரண்டையும் சேர்த்து எடுப்பது. டைக்ளோபெனாக் 254 ஒளி பட்டாலே உடையும். கார்பமசெபின் வெறும் ஒளிக்கு அசையாது, ஒளி பட்ட ஐதரசன் பரவொட்சைட்டிலிருந்து பிறக்கும் ஐதரொட்சில் மூலிகம், அதாவது பட்டதையெல்லாம் தாக்கி உடனே தீர்ந்துபோகும் துணிக்கை, வந்தால்தான் உடையும். ஆகவே ஒன்று ஒளி வேலை செய்கிறதா என்று காட்டும், மற்றது மூலிகம் பிறக்கிறதா என்று காட்டும். ஒரே ஓட்டத்தில் இரண்டு பதிலும் கிடைத்துவிடுகிறது.

பரசிட்டமோலை எடுக்க வேண்டாம். எங்கும் கிடைக்கிறது, மலிவு என்று பலர் எடுக்கிறார்கள், ஆனால் அது நல்ல உயிரியல் சுத்திகரிப்பிலேயே போய்விடும், அதற்கு ஒளி தேவை என்று வாதாடுவது கஷ்டம். மெட்போமின் மூலிகத்துக்கும் மெதுவாகத்தான் மசியும், முதல் ஆய்வுக்கு அது மனதை உடைக்கும். நுண்ணுயிர்க்கொல்லியான சிப்ரோபுளொக்சசின் தண்ணீரில் மிதக்கும் துணிக்கைகளில் ஒட்டிக்கொள்ளும், அளவு எப்போதும் ஒருபக்கம் சாயும்.

பார்மசியில் வாங்கிய மாத்திரையை அரைத்துப் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உபகரணத்தை ஓட்டிப் பழக மட்டும் போடலாம். டைக்ளோபெனாக் 50 மில்லிகிராம் மாத்திரையில் பூச்சும் நிரப்பிகளும் இருக்கின்றன, அவையும் மூலிகத்தைத் தின்னும். அறிக்கையில் போடும் தரவுக்குச் சுத்தமான நியமத் தூள்தான் வேண்டும். அதை முதல் வாரமே ஓடர் பண்ணுங்கள். எனக்கு வந்து சேர ஒன்பது வாரம் எடுத்தது.

3. கடிதங்கள்

இதில்தான் என் காலம் அதிகம் போனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது கடிதம் ஆஸ்பத்திரிக்கு. போதனா வைத்தியசாலை என்றால் அதன் பணிப்பாளருக்கு நேரே எழுதலாம், ஏனென்றால் அது மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருக்கிறது. மாகாணத்தின் கீழுள்ள மற்ற வைத்தியசாலைகளுக்குப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாகப் போக வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் இருப்பவர்கள் இங்கே நன்றாகக் கவனியுங்கள்: மாவட்டம் ஒன்றுதான், ஆனால் கல்முனைக்குத் தனிப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அம்பாறைக்கு வேறு. கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கான கடிதத்தை நான் மற்ற அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அது திரும்பி வரவும் இல்லை, இது எங்களுடையது அல்ல என்று யாரும் சொல்லவும் இல்லை. ஐந்து வாரம் கழித்து நேரில் போய்த்தான் தெரிந்துகொண்டேன். அனுப்பி ஒரு வாரத்தில் தொலைபேசியில் கேளுங்கள், கோப்பு இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் இவ்வளவும் இருக்க வேண்டும்: வடிகானில் ஓடும் தண்ணீர் மட்டுமே எடுக்கப்படும், நோயாளர் விபரம் எதுவும் கேட்கப்படாது, எத்தனை லீற்றர், எத்தனை நாள், எந்த நேரம், படம் எடுக்கப்படாது, முடிவின் பிரதி ஒன்று ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப்படும், அவர்கள் விரும்பினால் பெயர் வெளியிடப்படாது. இந்தக் கடைசி வரிதான் கதவைத் திறந்தது. தங்கள் தண்ணீரில் அழுக்கு இருக்கிறது என்று பத்திரிகையில் வந்துவிடுமோ என்ற பயம் நிர்வாகத்துக்கு இருப்பது இயல்பு, அதை முதல் கடிதத்திலேயே தீர்த்துவிடுங்கள். உங்கள் மேற்பார்வையாளர், துறைத் தலைவர், பீடாதிபதி மூவரின் கையொப்பமும் வேண்டும். மூவரும் ஒரே வாரத்தில் வளாகத்தில் இருப்பது அபூர்வம், பரீட்சைக் காலத்தைத் தவிர்த்துக் கொடுங்கள்.

இரண்டாவது, ஒழுக்கநெறிக் குழு. நோயாளர் சம்பந்தப்படாத வேலை என்பதால் மீளாய்வு தேவையில்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். பின்னர் சஞ்சிகைக்கு அனுப்பும்போது கேட்பார்கள், மறுகா ஓடித்திரிய நேரம் இருக்காது.

மூன்றாவது, கொள்வனவு. வளாகக் காசில் வாங்குவதென்றால் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள், அது ஒன்றரை மாதம். பரவொட்சைட்டு விற்ற கடையில் என்னிடம் துறையின் கடிதத் தலைப்பில் என்ன தேவைக்கு, எவ்வளவு என்று எழுதிக் கேட்டார்கள், போகும்போதே அதைக் கொண்டுபோங்கள்.

அப்புறம், கடிதம் இல்லாத ஒரு வேலை: வடிகானில் கை வைக்கும் முன் ஏற்புவலித் தடுப்பூசியும், ஈரல் அழற்சி பி தடுப்பூசியும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஈரல் அழற்சி ஊசி மூன்று தடவையாக ஆறு மாதத்தில் போடுவது வழக்கம், ஆகவே ஆய்வு என்று முடிவெடுத்த அன்றே போய் முதலாவதைப் போடுங்கள்.

4. விளக்கு

வேண்டியது 254 நனோமீற்றரில் எரியும் தாழ் அமுக்க இரச விளக்கு. வீட்டுத் தண்ணீர் வடிகட்டிகளில் போடும் 11 வாற்று விளக்கே போதும், தண்ணீர் வடிகட்டி விற்கும் கடைகளில் உதிரிப்பாகமாகக் கிடைக்கும். விளக்கு, அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பலாஸ்ட், விளக்கைத் தண்ணீர் தொடாமல் மூடும் குவார்ட்சு உறை எல்லாம் சேர்த்து எனக்கு எட்டாயிரம் ரூபாய்க்குக் கிட்ட முடிந்தது. வேலை தொடங்கும் முன் ஒரு விளக்கை மேலதிகமாக வாங்கி வைப்பது நல்லது.

நான் முதலில் வாங்கியது இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஊதா நிற எல்ஈடி. 395 நனோமீற்றர். அழகாக எரிந்தது, ஆனால் பரவொட்சைட்டு அந்த ஒளியை ஏறக்குறைய தொடுவதே இல்லை, 300க்கு மேல் போனால் அதன் உறிஞ்சல் அற்றுப்போய்விடும். இரண்டு வாரம் ஓட்டியும் கார்பமசெபின் ஓர் இம்மியும் குறையவில்லை. நகப்பூச்சு உலர்த்தும் விளக்கு, கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கு எல்லாம் இதே வகைதான், வாங்காதீர்கள். 254 விளக்கு மங்கிய நீலமாக எரியும். அந்த நீலம் பக்கத்தில் வரும் வேறு ஒளி, வேலை செய்யும் கதிர் கண்ணுக்குத் தெரியாது.

உறை குவார்ட்சுதானா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடிக் குழாயையும் அதே மாதிரி வெட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஓசோன் தராத வகை என்றும் கேளுங்கள். 185 நனோமீற்றரும் சேர்ந்து வரும் விளக்கு காற்றில் ஓசோன் உண்டாக்கும், மூடிய அறையில் அது நெஞ்சைப் பிடிக்கும், முடிவையும் குழப்பும்.

கண்ணைப் பற்றி. என்னோடு வேலை செய்த நண்பன் மூடியின் இடுக்கால் விளக்கு எரிகிறதா என்று சில தடவை பார்த்தான். அப்போது எதுவும் தெரியவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்குக் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போலத் துடித்து எழும்பினான், ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. பாதிப்பு பல மணிநேரம் கழித்துத்தான் தெரியும் என்பதுதான் இதில் ஆபத்து. தடித்த மட்டையால் ஒரு பெட்டி செய்து விளக்கை முழுக்க மூடுங்கள், மூடியைத் திறந்தால் மின்சாரம் நிற்கும்படி ஆளி வையுங்கள், முழுக்கை உடுப்பும் முகத்தை மூடும் பொலிகாபனேற்றுக் கவசமும் போடுங்கள்.

5. பரவொட்சைட்டும் மருந்துக் கரைசலும்

ஆய்வுகூடப் பரவொட்சைட்டு 30 சதவீதம், நிறைப்படி. அதில் ஒரு மில்லிலீற்றரில் சுமார் 333 மில்லிகிராம் இருக்கும். மூன்று மில்லிலீற்றரை எடுத்து 100 மில்லிலீற்றருக்கு ஐதாக்கினால், அதிலிருந்து ஒரு மில்லிலீற்றரை ஒரு லீற்றர் கழிவுநீருக்கு விடும்போது லீற்றருக்கு 10 மில்லிகிராம் வந்துவிடும். எங்கள் வெக்கையில் போத்தல் திறந்து சில மாதமானால் செறிவு இறங்கிவிடும், ஆகவே உயர்தரத்தில் செய்த அதே பொற்றாசியம் பரமங்கனேற்று நியமிப்பால் ஒவ்வொரு கிழமையும் சரிபாருங்கள். பார்மசியில் விற்கும் 6 சதவீதம் வேண்டாம், அதிலுள்ள நிலைநிறுத்திகள் முடிவைக் குழப்பும்.

5, 10, 25, 50 மில்லிகிராம் என்று நான்கு அளவு வைத்துப் பாருங்கள். கூடக் கூட நல்லது என்று எண்ண வேண்டாம். பரவொட்சைட்டு 254 ஒளியை மிகக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும், லீற்றருக்கு 10 மில்லிகிராம் இருந்தால் ஒரு சென்ரிமீற்றரில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதனால் அளவைக் கூட்டச் சொல்லும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் பரவொட்சைட்டே மூலிகத்தைப் பிடித்துத் தின்னத் தொடங்கிவிடும், வேகம் திரும்பவும் இறங்கும். இருகாபனேற்றும் கழிவுநீரின் கரிமப் பொருளும் செய்வது இதே வேலைதான், முதல் படியில் அளக்கச் சொன்னது இதற்குத்தான். வடித்த நீரில் பத்து நிமிடத்தில் போன மருந்து ஆஸ்பத்திரித் தண்ணீரில் ஒரு மணிநேரமாகியும் போகவில்லை என்றால் அந்தக் கொப்பியைத் திறந்து பாருங்கள்.

இனி, என் மூன்று வாரத்தைத் தின்ற பிழை. கார்பமசெபின் தண்ணீரில் மெதுவாகக் கரையும். நேரம் மிச்சம் பிடிக்க மெதனோலில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு மில்லிலீற்றரை ஒரு லீற்றருக்கு விட்டேன். ஒரு மில்லிலீற்றர்தானே என்றுதான் நினைத்தேன். ஆனால் மெதனோல் மூலிகத்தைப் பிடிக்கும். அந்த ஒரு மில்லிலீற்றரில் இருக்கும் மெதனோல் லீற்றருக்கு 790 மில்லிகிராம், என் மருந்தோ 5 மில்லிகிராம். கணக்குப் போட்டால் பிறக்கும் மூலிகத்தில் ஏறக்குறைய முழுவதும் மெதனோலுக்கே போகிறது, மருந்துக்குக் கிடைப்பது நூறில் ஒன்றுக்கும் குறைவு. பரவொட்சைட்டு வேலை செய்யாது என்று முடிவே எழுதிவிட்டேன், அது தவறு. தண்ணீரிலேயே கரையுங்கள். லீற்றருக்கு 10 மில்லிகிராம் கார்பமசெபினை இருட்டில் இரவு முழுக்கக் கலக்கவிட்டால் கரைந்துவிடும். டைக்ளோபெனாக் சோடியம் உப்பாக வாங்கினால் அந்தத் தொல்லையும் இல்லை. மெதனோலில்தான் கரைக்க வேண்டிய மருந்து என்றால், வெற்றுக் குடுவையில் அளவை விட்டு மெதனோலை ஆவியாக்கிவிட்டுப் பிறகு தண்ணீரைச் சேருங்கள்.

6. மாதிரி எடுக்கும் நாள்

காலை எட்டு மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் எடுத்தேன், வாட்டுகளில் கழுவும் வேலை நடக்கும் நேரம் அது. ஒரே தடவை எடுப்பதைவிட அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒன்றாக்குவது நம்பகமானது. கபில நிறக் கண்ணாடிப் போத்தல், இல்லையென்றால் அலுமினியத் தாளால் சுற்றிய போத்தல். அந்தத் தண்ணீராலேயே இரண்டு முறை அலசிவிட்டு நிரப்புங்கள். ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் நிறைத்து, அதே நாள் வளாகம் வந்து வடிகட்டி, 4 பாகையில் வைத்து, இரண்டு நாளுக்குள் ஓட்டத்தை முடியுங்கள். பத்து மணி வெயிலில் மோட்டார் சைக்கிளின் பின்னால் திறந்து கட்டிக்கொண்டு வந்தால் போத்தலுக்குள்ளேயே பாதி வேலை நடந்துவிடும்.

ஆஸ்பத்திரி வடிகானில் குளோரின் இருக்கும், தரை கழுவும் தூள் எல்லாம் அதற்குள்தான் போகிறது. குளோரினும் பரவொட்சைட்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நீங்கள் போட்ட 10 மில்லிகிராம் சில நிமிடத்தில் காணாமல் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். குளோரின் பார்க்கும் தாளால் எடுத்த இடத்திலேயே சோதியுங்கள்.

மழைக்காலம் வேறு கதை. கார்த்திகை முதல் தை வரை மழைநீர் வடிகானுக்குள் கலந்து எல்லாவற்றையும் ஐதாக்கிவிடும், கலங்கலும் கூடிவிடும். முதல் தரவை மாசியில் தொடங்கி எடுங்கள், மழைக்குள் ஒருமுறை ஒப்பீட்டுக்கு எடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். கடிதம் ஆறு வாரம், தூள் ஒன்பது வாரம் என்று கணக்கிட்டால், மாசியில் மாதிரி எடுக்க ஐப்பசியிலேயே வேலை தொடங்க வேண்டும்.

7. பாத்திரமும் ஒளியின் அளவும்

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, விளக்கை மேலே வைத்து, கறுப்புப் பூசிய குழாய் வழியாக ஒளியை நேரே கீழே உள்ள ஆழமில்லாத பாத்திரத்துக்கு விடுவது. கணக்குச் சுத்தமாக வரும், ஆனால் 50 மில்லிலீற்றர்தான் ஓட்டலாம். மற்றது, வடிகட்டியின் துருப்பிடிக்காத உருக்கு உறையை அப்படியே வைத்து, சின்ன பம்பால் ஐந்து லீற்றர் வாளியிலிருந்து தண்ணீரைச் சுற்றவிடுவது. நான் செய்தது இரண்டாவது. அதில் மறக்கக்கூடாதது: அந்த உருக்கு உறைக்குள் இருப்பது 0.7 லீற்றர், மொத்தம் 5 லீற்றர், ஆகவே கடிகாரத்தில் 60 நிமிடம் ஓடினால் தண்ணீர் ஒளிபட்டது 8.4 நிமிடம்தான். இதைப் பிரித்து எழுதாததால் என் முதல் வரைபடம் முழுக்கப் பிழை.

விளக்கின் உண்மையான ஒளியை அளக்க விலையுயர்ந்த மானி தேவையில்லை. அயடைட்டு, அயடேற்றுக் கரைசல் போதும்: 100 மில்லிலீற்றரில் பொற்றாசியம் அயடைட்டு 9.96 கிராம், பொற்றாசியம் அயடேற்று 2.14 கிராம், வெண்காரம் 0.38 கிராம். அன்றைக்கே கலக்குங்கள். 254 ஒளி பட்டால் மஞ்சளாகும், அந்த மஞ்சளை 352 நனோமீற்றரில் வாசித்தால் எத்தனை ஒளித்துகள் விழுந்தது என்று வந்துவிடும், குவாண்ட விளைவு, அதாவது விழுந்த ஒளித்துகள் ஒவ்வொன்றுக்கும் உண்டாகும் மஞ்சள் மூலக்கூறு, அறை வெப்பநிலையில் 0.73க்குக் கிட்ட. அறை விளக்கு இதைப் பாதிக்காது என்பதால் இருட்டறை தேடத் தேவையில்லை. விளக்கின் உறை குவார்ட்சா கண்ணாடியா என்ற சந்தேகமும் இதிலேயே தீர்ந்துவிடும், கண்ணாடி என்றால் மஞ்சள் வராது.

மேற்பரப்பில் விழும் ஒளியை அப்படியே அறிக்கையில் போடாதீர்கள். அகத்துறிஞ்சல் 0.3, ஆழம் 2 சென்ரிமீற்றர் என்றால் மேலே 100 விழும்போது தண்ணீருக்குள் சராசரி 54தான்.

கடைக்காரர் கிருமியைக் கொல்லும் விளக்கு, மருந்தையும் கொல்லும் என்று சொல்வார். கிருமிக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 40 மில்லியூல் என்பது பொதுவான அளவு. மருந்து எச்சத்துக்குப் பல நூறு, சிலவேளை ஆயிரத்துக்கும் மேல் போகும். வீட்டில் இருக்கும் வடிகட்டி மருந்தை எடுத்துவிடும் என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள், அதை நம்பிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

8. ஓட்டம்

விளக்கைப் போட்டு 15 நிமிடம் சூடாக விட்டுத்தான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பிறகு மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் பகலில் ஓட்டுங்கள், இல்லையென்றால் ஸ்டெபிலைசர் போடுங்கள். இடையில் மின்சாரம் போனால் அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள், ஒட்டுப்போட வேண்டாம்.

நான்கு தொகுதி கட்டாயம்: இருட்டில் வெறும் மருந்து, இருட்டில் பரவொட்சைட்டு, ஒளி மட்டும், ஒளியோடு பரவொட்சைட்டு. ஒவ்வொன்றும் மூன்று தடவை, ஆறு நேரப்புள்ளி, இரண்டு வகைத் தண்ணீர் என்று வைத்தால் 144 மாதிரி. அந்த எண்ணைப் பகுப்பாய்வுக் கட்டணத்தால் பெருக்கிப் பார்த்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. இருட்டுத் தொகுதிகளுக்கு முதலும் கடைசியும் மட்டும் எடுத்தால் 96 ஆகிவிடும், அறிவியலில் எதுவும் குறையாது.

எடுத்த மாதிரியில் மிஞ்சிய பரவொட்சைட்டை உடனே அழிக்க வேண்டும். கற்றலேசு நொதி நல்லது, இல்லையென்றால் சோடியம் சல்பைற்று. தண்ணீரின் அழுக்கைக் காட்டும் இரசாயன ஒட்சிசன் தேவையை அளக்கப் போகிறவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு மில்லிகிராம் பரவொட்சைட்டும் 0.47 மில்லிகிராம் பொய்யான எண்ணைக் கூட்டிவிடும். சுத்திகரித்த பிறகு அழுக்குக் கூடிவிட்டது என்று பதறி என்னிடம் வந்தவர்கள் மூன்று பேர், மூன்றும் இதே பிழை. மிஞ்சிய சல்பைற்றும் அதே எண்ணைக் கூட்டும், அளந்து விடுங்கள்.

இன்னொன்று, இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். டைக்ளோபெனாக் கரைசலில் ஒளி பட்டதும் தண்ணீர் மஞ்சளாகும். மருந்து குறைந்துவிட்டது என்று கருவி சொல்லும், ஆனால் அந்த நிறம் புதிய பொருட்கள் பிறந்திருப்பதைக் காட்டுகிறது. கார்பமசெபினிலிருந்து அக்ரிடின் உண்டாகும், அது தாய் மருந்தைவிட நஞ்சு. மருந்து மறைந்ததை மட்டும் எழுதிவிட்டுத் தண்ணீர் சுத்தம் என்று சொல்ல முடியாது. மிஞ்சியிருக்கும் கரிமப் பொருள் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் மொத்தக் கரிமக் காபனை அளக்க வசதி இல்லாதவர்கள் வெங்காய வேர்ச் சோதனையாவது செய்யுங்கள்: சுத்திகரித்த தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் வெங்காயத்தை மூன்று நாள் வைத்து வேரின் நீளத்தை அளப்பது. கால் கிலோ வெங்காயத்தின் செலவு, ஆனால் அறிக்கையில் பரீட்சகர் அதிகம் கேள்வி கேட்டது அந்தப் பக்கத்தில்தான்.

9. பகுப்பாய்வு

மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இங்கேதான் போனது. மருந்தை நீங்களே லீற்றருக்குச் சில மில்லிகிராம் அளவில் சேர்த்திருந்தால் புற ஊதா உணரி உள்ள எச்பிஎல்சி, அதாவது கரைசலில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி, போதும், டைக்ளோபெனாக்குக்கு 276, கார்பமசெபினுக்கு 285 நனோமீற்றர். வடிகானில் இயல்பாக இருக்கும் அளவைப் பார்ப்பதென்றால் அது ஆயிரம் மடங்கு குறைவு, திணிவு நிறமாலைமானி இணைத்த கருவி வேண்டும், கட்டணமும் வேறு. எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதை முன்மொழிவிலேயே எழுதுங்கள்.

உங்கள் வளாகத்தில் கருவிக்கு வரிசை இருந்தால் ஓட்டம் தொடங்கும் முன்னரே நாள் பதியுங்கள். வெளியூர் ஆய்வுகூடத்துக்கு இரவு பஸ்ஸில் அனுப்பினால் ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை இங்கே உறையவைத்து வைத்திருங்கள். நான் அனுப்பிய ஒரு பெட்டி போன இடத்தில் இரண்டு நாள் வெளியே கிடந்தது, பாதி இங்கே இருந்ததால்தான் தப்பினேன். கருவியில் போடும் முன் மாதிரியை வடிக்க ஊசிக்குழாயில் பொருத்தும் வடிகட்டி மருந்தைப் பிடிக்கிறதா என்று தெரிந்த செறிவு ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், வந்ததில் முதல் ஒரு மில்லிலீற்றரைக் கொட்டிவிடுங்கள்.

10. மின்செலவும் அனுமதிப்பத்திரமும்

இதை ஒரு கிளினிக்கில் வைக்கலாமா என்று கேட்பார்கள், எண்ணோடு பதில் சொல்லுங்கள். ஒரு கன மீற்றரில் மருந்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க எத்தனை அலகு மின்சாரம் என்பதுதான் கணக்கு. 11 வாற்று விளக்கு ஒரு லீற்றரில் அரை மணியில் 90 சதவீதம் குறைத்தால் அது கன மீற்றருக்கு 5.5 அலகு. ஓர் அலகுக்குக் கீழே கொண்டுவந்தால் நடைமுறைக்கு நெருங்கிவிட்டீர்கள். ஐரோப்பாவில் பெரிய நிலையங்கள் இதே வேலைக்கு ஓசோனையும் தூள் கரியையும்தான் பெரும்பாலும் பாவிக்கின்றன. புற ஊதாவை எடுப்பதற்கு உங்களிடம் காரணம் இருக்க வேண்டும், தண்ணீர் தெளிவு, அளவு குறைவு, ஓசோன் கருவியைப் பராமரிக்க ஆள் இல்லை என்பவை நல்ல காரணங்கள்.

தொற்றுக்கழிவு உண்டாகும் சுகாதார நிலையங்கள் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். ஆகவே கிளினிக்கின் சுத்திகரிப்பில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் முன் உரிமையாளரை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். பொருத்திவிட்டுப் பிறகு கேட்டால் வரைபடம் முதல் எல்லாம் திரும்ப எழுத வேண்டிவரும்.

11. முடிந்த பிறகு

மிஞ்சிய மருந்துக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். எந்தத் தண்ணீருக்காக இந்த வேலையைத் தொடங்கினோமோ அதற்குள்ளேயே அது போகும். மூடியுள்ள போத்தலில் பெயர், செறிவு, திகதி எழுதி ஆய்வுகூடக் கழிவோடு ஒப்படையுங்கள். குவார்ட்சு உறையில் வெள்ளையாகப் படிந்ததைச் சித்திரிக் அமிலத்தில் ஊறவைத்துத் துடைத்துக் காயவையுங்கள், கிணற்றுத் தண்ணீர் ஓட்டியவர்களுக்கு அது கட்டாயம் படிந்திருக்கும். விளக்கு சுமார் 9,000 மணிநேரம் வரும், நீங்கள் ஓட்டிய மணிநேரத்தை ஒட்டுத்தாளில் எழுதி அதன் பலாஸ்டிலேயே ஒட்டிவிடுங்கள், அடுத்த ஆண்டு எடுக்கப்போகிற தம்பிக்கோ தங்கச்சிக்கோ தெரிய வேண்டும். உடைந்தால் யன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் பதினைந்து நிமிடம் வெளியே போங்கள், கையுறை போட்டுத் தடித்த மட்டையால் துண்டுகளை அள்ளி மூடியுள்ள போத்தலில் போடுங்கள், தும்புத்தடியால் கூட்ட வேண்டாம், உள்ளே இரசம் இருக்கிறது.